பொறந்த வூட்டுக்குப் போன நத்தைக்கல்

அந்தமானுக்குப் போறோம்னு தெருவுல சொன்னதும் எதுத்த வூட்டம்மா கேட்ட மொதக் கேள்வி, "ஐயையோ, என்ன தப்பு பண்ணீங்க?" அவங்களுக்கு அந்தமான்னா இன்னும் ஜெயிலுதான். "தப்பு பண்ணவங்கள அனுப்புற காலமெல்லாம் மலையேறிப் போச்சுங்க, இப்ப கூலிங் கிளாஸ் வாங்கி வச்சிருக்கவங்களத்தான் அனுப்புறாங்க"ன்னு சொல்லி, பையிலேருந்து எடுத்து மாட்டிக் காட்டினேன். அரியலூர் வெயிலுக்கே போடாத கண்ணாடி. எனக்கு அப்பவே தலைகால் புரியல.

டிக்கெட் போட்டது எங்க மக. கல்யாணமாகி சென்னையில இருக்கா, வேலைக்கும் போறா. "நீயும் அப்பாவும் என் வூட்டத் தவிர ஊரத் தாண்டி எங்கயாச்சும் போயிருக்கீங்களாம்மா?"ன்னு ஒரு நாளு போன்ல கேட்டா. எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு. ஏன் போகல, திருச்சிக்குப் போயிருக்கோம். ஆஸ்பத்திரிக்கு. திருமழபாடிக்கு வருஷா வருஷம் போறோம், சாமி கும்புட்டுட்டு கொள்ளிடத்துல காலு நனைச்சுட்டு வரோம். ஆத்துல தண்ணி இருந்தா. இதையெல்லாம் அடுக்கிச் சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கே சிரிப்பு வந்துருச்சு.

நான் பிளவுஸ் தைக்கிறவ. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சின்னதா ஒரு கடை, ஒரு மிஷினு. எங்க வூட்டுக்காரரு டிப்பர் லாரி ஓட்டுறவரு. சுரங்கத்துலேருந்து சிமெண்டு ஆலைக்கு சுண்ணாம்புக்கல்லு ஏத்திக்கிட்டுப் போறது வேலை. காலையில கருப்பா போயி சாயங்காலம் வெள்ளையா வருவாரு. எங்க ஊரே அப்படித்தான், ரோட்டோர வேப்பமரம்கூட பவுடர் பூசிக்கிட்டுத்தான் நிக்கும்.

மகக்கிட்ட நான் ஒரே ஒரு கண்டிஷன் போட்டேன். "மூணாவதா ஒரு டிக்கெட் போடு. உங்க அத்தைக்கு."

மக சரின்னா. அப்புறம், "அத்தை வருவாங்களாம்மா?"ன்னா.

அவ அத்தை, எங்க வூட்டுக்காரரோட அக்கா, எனக்கு நாத்தனார். நான் அண்ணின்னு கூப்பிடுவேன். விக்கிரமங்கலத்துல வாக்கப்பட்டாங்க. அவங்க வூட்டுக்காரரு கிணறு வெட்டுறவரு, அவரு போயி சேந்து ரொம்ப நாளாச்சு. பையன் திருப்பூர்ல இருக்கான். காட்டுல பருத்தியும் மக்காச்சோளமும் போட்டுக்கிட்டு அண்ணி தனியா இருக்காங்க. நாங்க இருக்கற வூடுதான் அவங்க பொறந்த வூடு. ஒரு காலத்துல மாசம் தவறாம வந்துருவாங்க. வந்தா அடுப்படி அவங்க கைக்குப் போயிரும். நான் மகாராணி கணக்கா மிஷின்ல உக்காந்துக்கிட்டு "அண்ணி, காபி"ன்னு குரல் குடுப்பேன்.

மக கல்யாணத்தன்னிக்குத்தான் எல்லாம் கெட்டுச்சு. பொண்ணும் மாப்பிள்ளையும் மண்டப வாசல்ல வந்து நிக்கிறாங்க. அண்ணி அத்தைகாரியாச்சே, அவங்களே மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சு, வெத்தலையில சூடம் வச்சு, ஆரத்தித் தட்டத் தூக்கிட்டு ஆசையா வந்தாங்க. அப்ப எங்க சொந்தத்துல பெரிம்மா முறையில ஒருத்தி, அத்தனை கூட்டத்துக்கு நடுவுல, "நீ தள்ளி நில்லும்மா, சுமங்கலி யாராச்சும் எடுக்கட்டும்"னா. அண்ணி தட்ட என் கையில குடுத்தாங்க. தள்ளி நின்னாங்க. பந்தியில உக்காந்து சாப்பிட்டாங்க, எல்லார்கிட்டயும் சிரிச்சுச் சொல்லிக்கிட்டு பஸ் ஏறிட்டாங்க. அதோட சரி. அப்புறம் எங்க வூட்டு வாசப்படிய மிதிக்கவே இல்ல.

சண்டையெல்லாம் இல்ல. நாங்க போனா கோழியடிச்சுக் கொழம்பு வைப்பாங்க. "நம்ம வூட்டுக்கு வாங்க அண்ணி"ன்னா, "வரேன் புள்ள, வராம என்ன"ம்பாங்க. வரமாட்டாங்க. உரம் வாங்க அரியலூர் வந்தாக்கூட என் கடையில தலையக் காட்டிட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிருவாங்க. அந்தப் பெரிம்மாவ நான் மண்டபத்துலயே கிழிகிழின்னு கிழிச்சேன், இன்னிக்கும் அவ வூட்டுப் பக்கம் திரும்பிப் பாக்க மாட்டேன். கிழிச்சு என்ன ஆச்சு? அண்ணி வரலையே. எனக்கு அண்ணி திரும்ப வூட்டுக்கு வரணும், அவ்வளவுதான். கடலும் வேணாம் தீவும் வேணாம். சரி, பொய் சொல்ல வேணாம், கடலும் வேணும்.

மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னாங்க. பருத்தி இருக்கு, ஆடு இருக்குன்னாங்க. பருத்திக்கும் ஆட்டுக்கும் பக்கத்துக் காட்டுல ஆளு சொல்லிட்டோம். கடைசியா, "சாமிக்கு யாரு தண்ணி ஊத்துறது?"ன்னு ஒரு கேள்வி போட்டாங்க பாருங்க.

சாமின்னா ஒரு கல்லு. காரைங்கற ஊருப் பக்கம் கிணறு வெட்டப் போனப்ப அண்ணி வூட்டுக்காரரு, எங்க மக மொறைக்கு மாமா, மண்ணுக்குள்ளேருந்து எடுத்தது. ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்டு சுருண்டு உள்ள போகும், உள்ளங்கையில அடங்காது, நல்ல கனம். நாங்க நத்தைக்கல்லும்போம். பெரம்பலூரு அரியலூரு பக்கம் இது அதிசயமில்ல. இந்த மண்ணு ஒரு காலத்துல கடலுக்கு அடியில கெடந்துச்சாம், அப்ப இருந்த பூச்சி பொட்டெல்லாம் கல்லா இறுகிப் போச்சாம். காலேஜ் புள்ளைங்க சுத்தியலோட வந்து பொறுக்கிட்டுப் போவாங்க. அண்ணி புதுசா கல்யாணமாகி வந்தப்ப மாமாகிட்ட கடல் பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. அவரு இந்தக் கல்ல முந்தானையில போட்டு, "கேட்டியே கடலு, இந்தா"ன்னாராம். கடலுக்குக் கூட்டிட்டுப் போகவே இல்ல, கஞ்சப் பயலுக்குப் பொண்டாட்டின்னு அண்ணியே சொல்லிச் சிரிப்பாங்க. ஆனா கல்ல சாமி மாடத்துல வச்சுட்டாங்க. தெனம் காலையில தண்ணி ஊத்தி, வெள்ளிக்கிழமைன்னா நல்லெண்ணெய் தேய்ச்சு, சந்தனம் வச்சு, ஒரு பூவு. இப்படி ஊத்த ஆரம்பிச்சுட்டா ஒரு நாளும் விடக்கூடாதாம்.

"அப்ப சாமியையும் கூட்டிட்டு வாங்க"ன்னேன். வாய்க்கு வந்தத சொன்னேன், அவ்வளவுதான். அண்ணி நெசமாவே யோசிச்சாங்க. "அதுக்குத் தனியா டிக்கெட் கேக்க மாட்டாங்களே?"

ஜெயிச்சுட்டேன்! அன்னிக்கே வெல்வெட் பிளவுஸ் பிட்டுல, ஓரத்துல ஜரிகை வச்சு, சாமிக்கு ஒரு சுருக்குப்பை தைச்சுட்டேன். கூலி வாங்கல.

பிளேன்ல எங்க வூட்டுக்காரரு அடிச்ச கூத்த எழுதி முடியாது. எத்தனை டன்னு கல்ல ஏத்திக்கிட்டு பள்ளத்துலேருந்து மேல ஏறுற மனுஷன், பிளேன் தூக்குனதும் என் கைய நசுக்கிட்டாரு. "லோடு ஒரு பக்கமா இருக்கற மாதிரி தெரியுதுடி"ங்கறாரு. ஜன்னலோரம் அண்ணி. மடியில சாமி. பையோட வாயக் கொஞ்சமா தெறந்து ஜன்னல் பக்கமாத் திருப்பி, "பாரு, மேகம்"னு காட்டுறாங்க. கீழ நீலமா விரிஞ்ச தண்ணியில பச்சைப் பச்சையா தீவுங்க தெரிஞ்சுது. எனக்கு எழுந்து நின்னு கத்தணும் போல இருந்துச்சு. பெல்ட்டு போட்டிருந்ததால கத்தல.

மொத நாளு ஜெயிலுக்குத்தான் கூட்டிட்டுப் போனாங்க. எதுத்த வூட்டம்மா வாக்கு பலிச்சுதுன்னு சிரிச்சுக்கிட்டேதான் உள்ள நுழைஞ்சோம். வரிசை வரிசையா அறைங்க, ஒரு அறையில இருக்கறவன் இன்னொரு அறையப் பாக்க முடியாது. கல்லுல பேரு பேரா செதுக்கி வச்சிருக்காங்க. சிரிப்பெல்லாம் அடங்கிருச்சு. அண்ணி ஒரு அறைக்குள்ள போயி, ஒசரத்துல இருக்கற சின்ன ஜன்னல அண்ணாந்து பாத்துட்டு, "இவங்கள்லாம் வூட்டுக்குத் திரும்பினாங்களா புள்ள?"ன்னு கேட்டாங்க. சில பேரு திரும்பினாங்க, சில பேரு இல்லன்னு கூட வந்த கைடு சொன்னாரு. அண்ணி பையத் தடவிக் குடுத்துக்கிட்டே வெளிய வந்தாங்க.

சாயங்காலம் படகுல ராஸ் தீவு. வெள்ளைக்காரன் கட்டுன சர்ச்சும் பங்களாவும் இடிஞ்சு கெடக்கு, மரத்தோட வேரு செவுத்த அப்படியே கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்குது. மானுங்க நம்ம ஊரு ஆடு மாதிரி பக்கத்துல வருது! அண்ணி "ம்மே"ன்னு கூப்பிட்டாங்க. மானு வந்துருச்சு. நான் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கல. எங்க வூட்டுக்காரரு, "அதுக்கும் ஆளு தெரியுதுடி"ன்னாரு. இருக்கட்டும், ராத்திரி சோறு கேட்டு வருவாருல்ல, அப்பப் பேசிக்கிறேன்னு நெனைச்சேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, சோறு ஓட்டல்ல. எனக்கு சமைக்கற வேலையே இல்ல! அந்த சந்தோஷத்துல அவர மன்னிச்சுட்டேன்.

அடுத்த நாளு கப்பல் ஏறி ஹேவ்லாக் தீவு. அங்கதான் கடல்னா என்னன்னு பாத்தேன். மெரினாவ மக கல்யாணத்துக்கு அப்புறம் பாத்திருக்கேன், அது கூட்டம். இது கடலு. மணலு அரிசி மாவு மாதிரி. அந்தாண்ட வானத்த முட்டுற மரங்க, இந்தாண்ட தண்ணி, நடுவுல நாங்க மூணு பேரு, வாயப் பொளந்துக்கிட்டு. தண்ணி கிட்ட பச்சை, தள்ளி நீலம், இன்னும் தள்ளி ஒரு நிறம், அந்த நிறத்துல எங்கிட்ட நூலுகூட கெடையாது.

விடிஞ்சதும் அண்ணி சாமியத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. ரூம்ல குழாத்தண்ணி ஊத்தறத விட்டுட்டு, இவ்வளவு பெரிய தண்ணி இருக்கேன்னு. ஈர மணல்ல வச்சாங்க. கைய கூப்பி கண்ண மூடினாங்க. ஒரு அலை வந்துச்சு. அடுத்தது ஒரு பெரிய அலை. அண்ணி கண்ணத் தெறக்கறாங்க, சாமியக் காணோம்.

"டேய் தம்பீ!"

அந்தச் சத்தத்துக்கு காக்காயெல்லாம் பறந்துருச்சு. எங்க வூட்டுக்காரரு கைலியோட விழுந்தாரு. நான் கூலிங் கிளாஸோட விழுந்தேன். அண்ணி குப்புற விழுந்து மணல ரெண்டு கையாலயும் துழாவுறாங்க. அலை வருது, மூணு பேரும் உருளுறோம், எழுந்திரிக்கறோம், மறுபடியும் உருளுறோம். குளிக்க வந்திருந்த வங்காளிக் குடும்பம் ஒண்ணு எதத் தேடுறோம்னே தெரியாம கூட சேந்து தேடுது. எங்க வூட்டுக்காரரோட காலுல இடிச்சுது, "ஐயோ, அம்மா!"ன்னு கத்தினாரு. அதுதான் சாமி. கட்டை விரல் வீங்கிப் போச்சு.

அண்ணி கல்ல நெஞ்சோட அணைச்சுக்கிட்டு தண்ணியிலயே உக்காந்துட்டாங்க. தலையெல்லாம் மணலு, புடவை ஒரு பக்கம், ஒரு காலு செருப்பு கடலோட போச்சு. அப்ப ஒரு சிரிப்பு ஆரம்பிச்சாங்க பாருங்க! அடக்க முடியாம, மூச்சு வாங்கி, கண்ணுல தண்ணி வழிய. அந்தச் சிரிப்ப மக கல்யாணத்துக்கு அப்புறம் நான் கேக்கவே இல்ல. "பொறந்த வூடு தெரிஞ்சு போச்சு அதுக்கு. நம்மள விட்டுட்டு ஓடப் பாக்குது, பாத்தியா?"ன்னாங்க.

விடுவேனா நான். "பொறந்த வூடுன்னா எல்லாரும்தான் ஓடுவாங்க அண்ணி. நீங்க ஒருத்தர்தான் அந்தப் பக்கம் வர மாட்டேங்கறீங்க"ன்னேன்.

சிரிப்பு நின்னுருச்சு. அண்ணி கல்லு மேல இருந்த மணல விரலால தட்டி விட்டாங்க. "பாக்கலாம் புள்ள"ன்னாங்க. என் வாய் இருக்கே, அதுக்கு ஒரு பொத்தான் தைச்சு வச்சிருக்கணும்.

நீல் தீவுல கடல் உள்வாங்குன நேரத்துல பாறை மேல நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க. அலை குடைஞ்சு குடைஞ்சு பாலம் மாதிரி ஒரு பாறை நிக்குது, அதுக்கு அடியில பூந்து போகலாம். குட்டைக் குட்டையா தேங்கின தண்ணியில நண்டு, நட்சத்திர மீனு, வெள்ளரிக்கா மாதிரி ஒண்ணு, தொட்டா சுருங்குது. அடியில கண்ணாடி வச்ச படகுல ஏறினா, தண்ணிக்குள்ள பவளம் காடு காடா இருக்கு, நடுவுல மஞ்ச மீனுங்க கல்யாணத்துக்கு வந்த மாதிரி கூட்டமாப் போகுது. கைடு ஒண்ண மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாரு: "ஒரு கிளிஞ்சலு, ஒரு துண்டு பவளம், ஒரு கல்லு, எதையும் எடுத்துட்டுப் போகக் கூடாது. ஏர்போர்ட்டுல புடிச்சுருவாங்க." எங்க வூட்டுக்காரரு தெனாவட்டா, "எங்க ஊர்ல கடலே கல்லாக் கெடக்குங்க, இங்கேருந்து யாரு எடுக்கப் போறா"ன்னாரு. இத ஞாபகம் வச்சுக்குங்க.

பாராடாங் தீவுக்குப் போற பாதை காட்டு வழி. அது அந்தக் காட்டுலயே இருக்கற சனங்களோட எடம், வண்டிய நிறுத்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாதுன்னு சொல்லி வரிசையா அனுப்புனாங்க. வாயே பேசாம போனோம், நான்கூட. அப்புறம் சின்னப் படகு. ரெண்டு பக்கமும் அலையாத்தி மரம், வேரெல்லாம் வெளிய நீட்டிக்கிட்டு தண்ணியில கால் ஊனி நிக்குது. மேல கெளையெல்லாம் பின்னி பந்தல் போட்ட மாதிரி, உள்ள பச்சை இருட்டு. படகுல முன்னாடி உக்கார யாருக்குத் தைரியம்னு படகுக்காரரு கேட்டாரு. நாங்க ரெண்டு பேரும் பின்னால நகர்ந்தோம். அண்ணி போயி முன்னாடி உக்காந்தாங்க. யாரும் தள்ளி உக்காருன்னு சொல்லல. அவங்க முதுகையே பாத்துக்கிட்டு வந்தேன்.

படகு விட்டு எறங்கி, வேர்க்க விறுவிறுக்க வயலும் காடுமா நடந்து, என்னதான் பாக்கப் போறோம்னு போனா, ஒரு குகை. கைடு டார்ச்ச அடிச்சு, நாடகத்துல திரை விலக்கற மாதிரி, "இதோ, உலக அதிசயம், சுண்ணாம்புக்கல்!"ங்கறாரு.

எங்க வூட்டுக்காரரு என்னப் பாத்தாரு. நான் அவரப் பாத்தேன். "இதுக்காடி கடல் தாண்டி வந்தோம்?"ன்னாரு. குகையே அதிர நான் சிரிச்சேன். அண்ணி முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டாங்க. கைடுக்கு ஒண்ணும் புரியல, பாவம், இது யானை, இது தாமரை, இது ஜடாமுடின்னு தொங்குற கல்லயெல்லாம் காட்டிக்கிட்டே போறாரு. ஒவ்வொரு சொட்டுத் தண்ணியா விழுந்து விழுந்து இது வளருதாம், ஒரு விரக்கடை வளர்றதுக்குள்ள தலைமுறைங்க போயிருமாம். அதக் கேட்டதும் எங்க வூட்டுக்காரரு சிரிப்ப நிறுத்திட்டாரு. ஒரு கல்லு நுனியில தொங்குன சொட்டையே பாத்துக்கிட்டு, "நாங்க லாரி லாரியா அள்ளிட்டோம்"னு மெதுவாச் சொன்னாரு. திரும்பி வரும்போது செருப்பு வாரு அறுந்துருச்சுன்னு குனிஞ்சு ரொம்ப நேரம் என்னமோ பண்ணிக்கிட்டு இருந்தாரு. நான் கண்டுக்கல. கண்டிருக்கணும்.

ஊருக்குத் திரும்புற அன்னிக்கு ஏர்போர்ட்டுல சாமிப் பை மிஷினுக்குள்ள போச்சு. மிஷினு நின்னுருச்சு. உடுப்பு போட்ட ஒரு அம்மா பைய எடுத்துத் தனியா வச்சாங்க. முகத்தப் பாத்ததும் தமிழுன்னு தெரிஞ்சுது, அவங்க குடும்பம் ராமநாதபுரம் பக்கத்துலேருந்து வந்து இங்கயே தங்கிட்டவங்களாம்.

"கடல்லேருந்து எதுவும் எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு சொல்லலையாம்மா உங்களுக்கு?"

"நாங்க எடுக்கலைங்க, ஊர்லேருந்து கொண்டாந்தோம்"னேன்.

அவங்க என்ன மேலயும் கீழயும் பாத்தாங்க. "தீவுக்கு யாரும்மா கிளிஞ்சலக் கொண்டாருவாங்க?"

நியாயமான கேள்விதான். ஆனா எனக்குத்தான் மூக்கு மேல கோவமாச்சே. "எங்களப் பாத்தா திருடிங்க மாதிரி தெரியுதா? எங்க ஊரு பூரா இந்தக் கல்லு, வந்து பாருங்க, எங்க குடும்பத்துல ஒருத்தர் ஒரு துரும்பு எடுத்திருப்பமா உங்க தீவுலேருந்து?"ன்னு எகிறினேன். அந்த நேரம் பாத்து பின்னாடி மிஷினு மறுபடியும் நின்னுச்சு. எங்க வூட்டுக்காரரு பையி. துண்டுல சுத்தி, உள் சட்டைக்குள்ள வச்சு, இப்பத்தான் பொறந்த குழந்தை மாதிரி ஒரு வெள்ளைக் கல்லு.

"இது என்ன சார்?"

"சாம்பிளு"ன்னாரு.

"என்ன சாம்பிள்?"

"சுண்ணாம்புக்கல்லுங்க. கீழ உதிர்ந்து கெடந்துச்சு. ஊருக்குப் போயி எங்க கல்லோட சேத்து வச்சு, எது தரம்னு பாக்கலாம்னு…"

பூமி பொளந்து என்ன உள்ள வாங்கிக்கக் கூடாதான்னு இருந்துச்சு. சுண்ணாம்புக்குப் பேரு போன ஊர்லேருந்து வந்து சுண்ணாம்பத் திருடுன ஒரே ஆளு என் புருஷன்தான்! அந்தம்மா ரெண்டு கல்லையும் மேசை மேல பக்கத்துல பக்கத்துல வச்சாங்க. "இது இங்க எடுத்தது. அது மட்டும் ஊர்லேருந்து வந்ததா?"ன்னாங்க. 

அவரு மூஞ்சி செத்துப் போச்சு. "தப்பு என்னுதுங்க, என்ன வேணா பண்ணுங்க. அக்கா கல்ல மட்டும் குடுத்துருங்க"ன்னு கெஞ்சுறாரு. விதின்னா விதிதான், சந்தேகம் இருந்தா ரெண்டையும் எடுத்து வச்சுக்கணும்னு அந்தம்மா பொறுமையாத்தான் சொன்னாங்க. எங்க பிளேனுக்கு ஆளுங்க வரிசையில நிக்க ஆரம்பிச்சாச்சு. நான் அண்ணியப் பாக்கறேன், பாக்க முடியல. மாமா குடுத்த கடலு அது. நான்தான் "சாமியையும் கூட்டிட்டு வாங்க"ன்னு சொன்னேன். இதுவும் போச்சுன்னா, அவங்க எந்த மூஞ்சியோட எங்க வூட்டுக்கு வருவாங்க, நான் எந்த மூஞ்சியோட கூப்பிடுவேன்?

"நீ நகரு புள்ள"ன்னாங்க அண்ணி.

மேசைகிட்டப் போயி, கல்ல ரெண்டு கையாலயும் எடுத்து, அந்தம்மா முன்னாடி நீட்டினாங்க. "மோந்து பாருங்கம்மா."

"என்னது?"

"மோந்து பாருங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் தேய்ப்பேன். சந்தனம் வைப்பேன். என் வூட்டுக்காரரு இருக்கும்போதும் தேய்ச்சேன், போனப்புறமும் தேய்க்கறேன். நேத்து கடல்ல எடுத்த பொருளுக்கு இந்த வாசம் எங்கேருந்து வரும்?"

அந்தம்மா தயங்கிக்கிட்டே குனிஞ்சாங்க. மோந்து பாத்தாங்க. கல்லத் திருப்பி, சுருளோட உள் மடிப்பப் பாத்தாங்க, எண்ணெய் ஏறி ஏறி கருகருன்னு மின்னுது, இடுக்குல பழைய சந்தனம் காஞ்சு கெடக்கு. மறுபடியும் மோந்து பாத்தாங்க.

"உங்க ஊரு எதும்மா?"

"அரியலூருக்குப் பக்கம், விக்கிரமங்கலம்."

"அங்க ஏது கடல்?"

"இருந்துச்சாம்மா, ஒரு காலத்துல. அதனாலதான் இத கூட்டிட்டு வந்தேன். பொறந்த வூட்டப் பாக்கட்டும்னு. பாத்துருச்சு, குளிச்சுருச்சு, ஓடக்கூடப் பாத்துச்சு. ஆனா பொறந்த வூட்டுக்கு வந்த பொண்ண யாராச்சும் புடிச்சு நிறுத்துவாங்களா? வந்தா வான்னு சொல்லணும், கெளம்புனா போயிட்டு வான்னு சொல்லணும். அதுக்குத்தானம்மா பொறந்த வூடு…" சொல்லிக்கிட்டே வந்தவங்க சட்டுன்னு நிறுத்திட்டாங்க. அவங்க பேசுனது அவங்க காதுலயே விழுந்த மாதிரி. திரும்பி ஒரு தடவை என்னப் பாத்தாங்க.

அந்தம்மா உள்ள போயி பெரிய ஆபீசரக் கூட்டிட்டு வந்தாங்க. அவரு கல்லத் தூக்கிப் பாத்தாரு, நகத்தால சுரண்டிப் பாத்தாரு, செல்போன்ல படத்தத் தேடி ஒத்துப் பாத்தாரு. இது கிளிஞ்சலே இல்ல, முழுக்கக் கல்லு, இங்க கெடைக்கறது இல்ல, விடுங்கன்னாரு. எனக்குக் காலு தரையில நிக்கல. அந்தம்மா கல்ல அண்ணி கையில குடுக்கறதுக்கு முன்னாடி கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. "போயிட்டு வாங்கம்மா"ன்னாங்க. கல்லுக்குச் சொன்னாங்களா அண்ணிக்குச் சொன்னாங்களான்னு தெரியல.

சாம்பிளு அங்கயே நின்னுருச்சு. "உங்க ஊர்ல இல்லாத சுண்ணாம்பா சார்?"னு கேட்டு, இனிமே இப்படிப் பண்ணக் கூடாதுன்னு கண்டிச்சு அனுப்புனாங்க. பிளேன்ல ஏறி பெல்ட்டு போட்டதும், "ஆனா கல்லு நல்ல கல்லுடி"ன்னாரு. கிள்ளினேன் பாருங்க, அவரு கத்துனது நீல் தீவு வரைக்கும் கேட்டிருக்கும்.

சென்னையில மக வூட்டுல தங்கிட்டு, மறுநாளு ரயில் புடிச்சு அரியலூர் வந்து சேந்தப்ப சாயங்காலம். பஸ் ஸ்டாண்டு வந்துட்டோம். விக்கிரமங்கலம் பஸ் இஞ்சின் ஓட நின்னுக்கிட்டு இருக்கு, கண்டக்டரு கூவுறாரு. இந்த தடவை கூப்பிடக் கூடாதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அவங்களா வரணும், இல்லன்னா வேணாம். "போயிட்டு வரேன்"னு அவங்க சொல்றதுக்காகவே காத்துக்கிட்டிருந்தேன், கண்ணெல்லாம் எரியுது.

அண்ணி பஸ்ஸப் பாத்தாங்க. பையப் பாத்தாங்க. "தம்பி, ஆட்டோ புடிடா"ன்னாங்க.

ஆட்டோவுல நான் ஒரு வார்த்தை பேசல. பேசினா கெட்டுருமோன்னு பயம். வூட்டு முன்னாடி எறங்கினதும் எதுத்த வூட்டம்மா, "என்ன, விட்டுட்டாங்களா உங்கள?"ன்னு குரல் குடுத்தாங்க. அதுக்குக்கூட பதில் சொல்லல. நானு, யோசிச்சுப் பாருங்க.

கதவத் தெறந்தேன். அண்ணி வாசப்படிகிட்ட வந்து நின்னாங்க. நின்னுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் வெல்வெட் பைய என் கையில குடுத்து, "நீங்க ரெண்டு பேரும் சாமியோட இங்கயே நில்லுங்க. கடல் கடந்து போயிட்டு வந்திருக்கு, எத்தனை கண்ணு பட்டிருக்கோ, சுத்திப் போடாம உள்ள வரக்கூடாது"ன்னுட்டு, விறுவிறுன்னு உள்ள போயிட்டாங்க.

உள்ள போயிட்டாங்க! வாசப்படியத் தாண்டி, கூடத்தத் தாண்டி, நேரா அடுப்படிக்கு. பாத்திரம் உருளுற சத்தம். "ஏ புள்ள, சுண்ணாம்பு டப்பா எங்க?"

"அதே எடத்துலதான் அண்ணி இருக்கு! நீங்க வச்ச எடத்துலயே!" என் குரலு எனக்கே அடையாளம் தெரியல.

எங்க வூட்டுக்காரரு மேல் துண்டால மூஞ்சியத் தொடைச்சாரு, தூசியாம். அண்ணி வந்தாங்க. தட்டுல செக்கச் செவேல்னு ஆரத்தித் தண்ணி, வெத்தலை மேல சூடம் எரியுது. தெருவே பாக்குது, பாக்கட்டும். நிமிர்ந்து நின்னு தட்ட மொதச் சுத்து சுத்தினாங்க. அவங்க தம்பி ஆர்வம் தாங்காம முன்னாடி சாய்ஞ்சுட்டாரு.

"தள்ளி நில்லுடா, தட்டு இடிக்குது!"ன்னாங்க அண்ணி.

அவரு தள்ளி நின்னாரு. நான் சாமியத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, மூக்க உறிஞ்சிக்கிட்டு, வாயெல்லாம் பல்லா நின்னேன். அண்ணி மூணு சுத்து சுத்தி முடிச்சு, வெரலால தொட்டு, மொதல்ல சாமிக்கு, அப்புறம் தம்பிக்கு, அப்புறம் எனக்கு நெத்தியில பொட்டு வச்சாங்க.